வடசென்னைக்கு மொட்டைமாடிதான் கடற்கரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கோடைச் சிறப்புப் பக்கத்தில், நண்பர்களோடு சனி, ஞாயிறைக் கழிக்க ஏற்ற இடங்கள் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகள், ஏலகிரி, ஏற்காடு, ஏசி போட்ட வணிக வளாகங்கள். பேசின் பாலத்துக்கு வடக்கே ஓரிடம்கூட இல்லை. கோபித்துக்கொண்டு இதை எழுதவில்லை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கோடை ராத்திரியை எப்படிக் கழிக்கலாம் என்பதை அளவும் நேரமும் சேர்த்துச் சொன்னால், அடுத்த பட்டியலில் எங்களுக்கும் ஒரு வரி கிடைக்கும் என்ற ஆசைதான்.

முதலில் கடற்கரைக் கணக்கு. துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்ட பிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் அதன் தென்புறத்தில் தேங்கி மெரினா அகலமாயிற்று. வடபுறத்துக்கு மணல் வரத்து நின்று, ராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் வரை கரையைக் கடல் தின்றது. அதைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள்தான் இன்று எங்கள் கடற்கரை. பாசி பிடித்த அந்தக் கல்லில் பத்துப் பேர் வட்டமாக உட்காரவும் முடியாது, இறங்கிக் குளிக்கவும் கூடாது. கல்லிடுக்கில் இழுக்கும் தண்ணீர் நீச்சல் தெரிந்தவரையும் விடாது. ஆனால் காற்று குறையவில்லை. இரண்டு மாடி ஏறினால் அதே கடல்காற்று. அதனால் இந்தப் பக்கத்துக்கு மொட்டைமாடிதான் கடற்கரை.

மொட்டைமாடிக் கூட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஞாயிறு மதியம் 1 மணிக்கு பிரியாணி என்று வைப்பது. கத்திரி வெயிலில் காலை 10 மணிக்கே தளம் செருப்பில்லாமல் நிற்க விடாது. ஷாமியானா போட்டால் நிழல் கிடைக்கும், காற்று நின்றுவிடும். தேக்சா அடுப்பு ஒரு பக்கம், தளம் ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து வேகவைக்கும். சாப்பிட்டு முடித்தவன் அரைமணியில் வீட்டுக்குப் போய் ஃபேனுக்கடியில் படுத்துவிடுவான். கூட்டம் அங்கேயே கலைந்தது.

வடசென்னையில் கோடைக் கூட்டத்துக்கு இரண்டு கடிகாரம்தான் உண்டு. ஒன்று கடல்காற்றினுடையது, இன்னொன்று காசிமேட்டு மீன்சந்தையினுடையது. சனி சாயங்காலம் 5 மணிக்கு ஆரம்பித்து ஞாயிறு காலை 10 மணிக்குப் பாயைச் சுருட்டினால் இரண்டுக்கும் பொருந்தும். பதினேழு மணி நேரம். அதில் சுடும் வெயில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

கடல்காற்று வழக்கமாக நண்பகலை ஒட்டி உள்ளே நுழையும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் 2, 3 மணிவரை தள்ளிப்போகும். சில நாள் வராமலே ஏமாற்றும். கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கொடியில் காயும் லுங்கி எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்தால் போதும். கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தது தொங்கி நின்று, பிறகு மேற்கே தள்ள ஆரம்பித்தால் காற்று திரும்பிவிட்டது. மதியம் 3 மணிக்கும் லுங்கி கிழக்கே தள்ளினால், அன்றைக்கு மாடியை நம்ப வேண்டாம். ராத்திரி சாப்பாட்டைக் கீழே கூடத்தில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

காற்று வந்தாலும் தளம் லேசில் விடாது. பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி 11 மணிவரை கான்கிரீட் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் தெளிப்பதுதான் வழி; ஆனால் எப்போது தெளிப்பது என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். மதியம் 1 மணிக்கு ஊற்றினால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், 3 மணிக்குத் தளம் பழையபடி. வெயில் சாய்ந்து, காற்றும் வந்த பிறகு, 4.30-க்கு ஒரு தடவை, 5.30-க்கு ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. 100 சதுர அடிக்கு ஒரு வாளி, அதாவது 15 லிட்டர் போதும். குளம் கட்டினால் பயனில்லை. மெல்லிசாகப் படர்ந்த தண்ணீர் ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், தேங்கிய தண்ணீர் வெந்நீராக நிற்கும். 400 சதுர அடி மாடிக்கு மூன்று தடவையும் சேர்த்து 12 வாளி. இதற்குக் குடிநீரை ஊற்ற எங்கள் தெருக்களில் மனசு வராது, ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வியாழக்கிழமையிலிருந்தே டிரம்மில் பிடித்து வைத்தால் கணக்குச் சரியாக வரும். டிரம்முக்கு மூடி அவசியம், இல்லாவிட்டால் கொசுப்பண்ணை. கடைசித் தடவைக்குப் பிறகு அரைமணி நேரம் தளம் காயட்டும். ஈரத்தின்மேல் பாய் விரித்தால் புழுக்கம் கீழிருந்து ஏறும்.

இனி கேரம். இந்தப் பகுதியில் கேரம் போர்டு இல்லாத நண்பர் கூட்டம் உப்பில்லாத குழம்பு. கேரத்துக்காக 1996-ம் ஆண்டு அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடி. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் எடுத்த காசிமா புதுவண்ணாரப்பேட்டை. அப்படிப்பட்ட ஊரில் போர்டை மாடியில் எப்படிப் போடுவது என்று தெரியாமல் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மொட்டைமாடித் தளம் சமதளம் கிடையாது. மழைத்தண்ணீர் ஓடவேண்டும் என்பதற்காக வடிகால் குழாயை நோக்கிச் சரிவு கொடுத்துத்தான் பூசியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஸ்ட்ரைக்கருக்குத் தெரியும். மெதுவாக அடித்த காயின் பாக்கெட் வாயில் வந்து ஒரு பக்கம் நழுவிப் போகிறது என்றால் கையைக் குறை சொல்லாதீர்கள். ஒரு எவர்சில்வர் தட்டில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் போர்டு நடுவில் வையுங்கள். தண்ணீர் எந்த விளிம்பில் வழிகிறதோ அந்தப் பக்கத்து ஸ்டாண்டு கால்களுக்கு அட்டையை மடித்துக் கொடுக்கவேண்டும். தட்டை எடுக்கும்போது போர்டில் சொட்டு விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ப்ளைவுட்டில் தண்ணீர் பட்ட இடம் பொருமிக்கொண்டால் அந்தப் போர்டு அவ்வளவுதான்.

அடுத்த எதிரி உப்புக்காற்றின் ஈரம். போரிக் பவுடர் ஈரத்தை இழுத்துக் கட்டியானால், ஸ்ட்ரைக்கர் பாதியிலேயே மூச்சு வாங்கி நிற்கும். உடனே எல்லாரும் இன்னும் பவுடரைக் கொட்டுவார்கள். அது சேறாகத்தான் ஆகும். பழைய பவுடரை உலர்ந்த பருத்தித் துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, மேலே தொங்கும் குண்டு பல்பை அரைமணி நேரம் எரியவிட்டுப் பலகையைச் சூடேற்றி, பிறகு இரண்டு சிட்டிகை புதுப் பவுடர் போட்டால் வழுக்கும். இந்த வேலைக்கு எல்இடி ஆகாது, பலகையைக் காயவைக்கும் அளவுக்கு அதில் சூடு கிடையாது. போர்டைப் படிக்கட்டு அறைச் சுவரின் மறைவில், காற்று நேரே அடிக்காத பக்கம் போடவேண்டும். காற்று காயினை நகர்த்தாது. ஆனால் பவுடரைக் கண்ணில் அடிக்கும், பல்பை ஆட்டும், பல்பு ஆடினால் நிழலும் ஆடும், குறி தப்பும். ஆட்டம் முடிந்ததும் போர்டைக் கீழே இறக்கிவிடவேண்டும். விடியற்காலை ஈரத்தில் ஒரு ராத்திரி கிடந்த போர்டு மறுவாரம் வளைந்திருக்கும்.

பத்துப் பேருக்கு ஒரு போர்டு என்றால் 25 புள்ளி அல்லது 8 சுற்று என்ற முறையான ஆட்டம் சரிப்படாது. நாலு பேர் ஆட ஆறு பேர் கொட்டாவி விடுவார்கள். ஜோடி ஜோடியாக, ஒரே சுற்று, தோற்றவர் எழுந்திருப்பது என்று வைத்தால் வரிசை சீக்கிரம் நகரும். ரெட் போட்டால் ஃபாலோ, அதாவது தொடர்ந்து தன் காயின் ஒன்றைப் போடுவது, கட்டாயம், அதில் தகராறு வராது. தகராறு வருவது, தப்பாட்டத்துக்கு அபராதமாகத் திருப்பி வைக்கும் ஃபைன் காயினை எங்கே வைப்பது என்பதில். ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பந்தயம் பன்னீர் சோடாவோடு நிற்கட்டும். காசு உள்ளே வந்தால் நட்பு வெளியே போகும் என்பது எந்தத் தெருவிலும் பார்க்கக்கூடியது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கள் சிபாரிசு அத்தோ, அதாவது கையால் பிசைந்து தரும் பர்மா நூடுல்ஸ். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த பண்டம். பர்மா பஜார்ப் பின்தெருக்களில் சாயங்காலமானால் தள்ளுவண்டிகளைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். கோடைக்கு இதைவிடத் தோதான சாப்பாடு கிடையாது, ஏனென்றால் சாப்பிடும் நேரத்தில் அடுப்பே வேண்டாம். எல்லாவற்றையும் 6 மணிக்குள் கீழே சமையலறையில் முடித்து மேலே கொண்டுவந்து, கையால் பிசைந்து கொடுப்பதுதான் வேலை.

பத்துப் பேருக்கு உலர்ந்த கோதுமை நூடுல்ஸ் 800 கிராம். தடித்த வகையாக வாங்கவேண்டும். மெல்லிசு பிசையும்போது கூழாகிவிடும். வேகவைத்து வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, இரண்டு கரண்டி எண்ணெய் புரட்டி, அகலத் தட்டில் பரப்பி ஃபேனுக்கடியில் ஆறவிடவேண்டும். சூடாக மூடிவைத்தால் ஒட்டிக்கொள்வது மட்டுமல்ல, இந்த வெயிலுக்குச் சீக்கிரம் கெட்டுவிடும். வேகவைத்ததிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பது நல்லது. வெங்காயம் ஒன்றேகால் கிலோ: அதில் முக்கால் கிலோ பொரிக்க, அரைக்கிலோ பச்சையாகப் போட. முட்டைக்கோஸ் 400 கிராம், தலைமுடி மாதிரி மெல்லிசாக. பூண்டு 100 கிராம், எண்ணெய் 300 மில்லி, வறுத்து அரைத்த பொட்டுக்கடலை மாவு 150 கிராம், காய்ந்த மிளகாயை வறுத்து ஒன்றிரண்டாக இடித்தது 50 கிராம், புளி 75 கிராம், கொத்தமல்லி ஒரு கட்டு, எலுமிச்சை ஐந்து. நொறுக்கிப் போடும் மொறுமொறுப்பான பேஜோ கால் கிலோ. இதை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

அத்தோவின் உயிர் பொரித்த வெங்காயத்தில் இருக்கிறது. ஒரே தடிமனில் நறுக்கவில்லை என்றால் மெல்லியது கருகும், தடித்தது வதங்கிக் கிடக்கும். உப்புப் போடக்கூடாது, தண்ணீர் விட்டுவிடும். மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருந்து, இளம்பொன் நிறம் வந்த கணத்தில் அரித்து எடுத்துத் தாளில் பரப்பவேண்டும். எடுத்த பிறகும் அதன் சூட்டிலேயே ஒரு படி சிவக்கும். வாணலியிலேயே சிவக்கட்டும் என்று காத்திருந்தால் தாளுக்கு வரும்போது கசந்திருக்கும். அதே எண்ணெயில் பூண்டைத் தனியாகப் பொரிக்கவேண்டும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் வெங்காயம் பதமாவதற்குள் பூண்டு தீய்ந்துவிடும். இந்த வெங்காய, பூண்டு எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள். பிசையும்போது ஊற்றுவது அதைத்தான்.

பத்துப் பேருக்கும் ஒரே அண்டாவில் பிசைவது பெருந்தவறு. உப்பும் புளித்தண்ணீரும் பட்டதும் கோஸும் பச்சை வெங்காயமும் நீர்விட ஆரம்பிக்கும். பத்தாவது தட்டுக்கு வரும்போது சொதசொதவென்று இருக்கும். தட்டுத் தட்டாகப் பிசையவேண்டும். ஒரு பிடி நூடுல்ஸ், கொஞ்சம் கோஸ், பச்சை வெங்காயம், பொட்டுக்கடலை மாவு ஒரு கரண்டி, எண்ணெய் ஒரு கரண்டி, புளித்தண்ணீர் ஒரு கரண்டி, மிளகாய், உப்பு. பிசைந்த பிறகு மேலே பொரித்த வெங்காயம், பேஜோ, கொத்தமல்லி, எலுமிச்சை. ஆளுக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். காரம் வேண்டும், வேண்டாம் என்பவர்களுக்கும் வசதி. அவித்த முட்டையைக் கீறி அதே வெங்காயம், பூண்டு, மிளகாய், புளித்தண்ணீரை உள்ளே அடைத்துக் கொடுத்தால் அதைத் தனியாக ஒரு கை பார்ப்பார்கள்.

பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பு. தண்டை வட்டமாக நறுக்கும்போதே ஒவ்வொரு வில்லைக்கும் நார் இழுக்கும். அதை ஆட்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் விரலில் ஒரு நூல்கண்டு இருக்கும். நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். இஞ்சி, பூண்டு, மஞ்சள், மிளகு, கெட்டிப்படுத்தக் கொஞ்சம் கடலைமாவு. மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்றவேண்டும். கொதிக்கும் சூப்பில் நேரே தூவினால் கட்டி கட்டியாக மிதக்கும்.

குடிதண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர் என்று வையுங்கள். 20 லிட்டர் கேன் இரண்டு. கேனை மாடியில் வெயிலில் வைக்காமல் படிக்கட்டு நிழலில் வைக்கவேண்டும். மண்பானை புதியது என்றால் முந்தின நாளே முழுக்க ஊறவைக்கவேண்டும், அடியில் ஈரமணல் வேண்டும், காற்றுப் படும் மூலையில் இருக்கவேண்டும். மூடிய அலமாரிக்குள் வைத்த பானை குளிராது. நன்னாரி சர்பத்துக்கு 200 மில்லி தண்ணீருக்கு 30 மில்லி சிரப், அரை எலுமிச்சை, பதினைந்து நிமிடம் ஊறிய சப்ஜா ஒரு டீஸ்பூன். மீன்பெட்டிக்கு வாங்கும் ஐஸை உடைத்து டம்ளரில் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அது குடிக்கச் செய்த ஐஸ் கிடையாது. மதுவைப் பற்றி ஒன்றே ஒன்று: இடுப்பளவுக் கைப்பிடிச் சுவரும் நள்ளிரவும் அதற்கு ஏற்ற இடமும் நேரமும் அல்ல. காற்றாடி விடுகிறவர்கள் வெறும் பருத்தி நூலில் விடட்டும்; மாஞ்சாவுக்குத் தடை இருப்பது கழுத்தறுந்த இருசக்கர வாகனக்காரர்களால்.

ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அதைவிடக் கீழ்வீட்டுக்காரரைத் தூங்கவிடாதது கேரம்தான். ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் மோதும் ஒவ்வொரு அடியும் ஸ்டாண்டுக் கால் வழியாகத் தளத்துக்குள் இறங்கும். பழைய சைக்கிள் டியூபை நாலு துண்டாக்கிக் கால்களுக்கு அடியில் கொடுத்தால் சத்தம் பாதியாகக் குறையும்.

படுப்பதற்குக் கோரைப்பாய், அதன்மேல் பருத்தி விரிப்பு. ஃபோம் மெத்தை முதுகில் சூட்டைத் தேக்கும். 11 மணிவாக்கில் கடல்காற்று தளரும். அந்த ஒரு மணி நேரம்தான் கஷ்டம். புழுக்கமும் கொசுவும் ஒன்றாக வரும், கால்வாய்ப் பக்கத்துத் தெருக்களில் சொல்லவே வேண்டாம். கொசுவர்த்தியைவிட டேபிள் ஃபேன் நல்லது, அந்தக் காற்றில் கொசுவால் பறந்து வந்து உட்கார முடியாது. கால்மாட்டில், தரையை ஒட்டி வீசும்படி வைக்கவேண்டும், கொசு கடிக்க வருவது கீழேதான். எக்ஸ்டென்ஷன் ஒயர் ஈரத்தரையில் கிடக்காமல் செங்கல்மேல் ஏற்றுங்கள். பூமித்தொடர்பு உள்ள மூன்று முள் பிளக்காக இருக்கட்டும். விடியற்காலை நிலத்திலிருந்து காற்று வரும்போது ஒரு போர்வை தேவைப்பட்டாலும் ஆச்சரியமில்லை.

3.30-க்கு அலாரம். இரண்டு பேர் காசிமேட்டுக்குப் போனால் போதும், பத்துப் பேரும் போனால் விலைதான் ஏறும். ஞாயிறு விடிந்த பிறகு அங்கே நிற்க இடமிருக்காது; 4.30-க்குள் உள்ளே இருக்கவேண்டும். கழுவக்கூடிய ரப்பர் செருப்பு, சில்லறை, ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடை, ஐஸோடு ஒரு தெர்மாகோல் பெட்டி. மீன் எவ்வளவு எடையோ ஐஸும் அவ்வளவு எடை. பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. உருகிய தண்ணீரில் ஊறும் மீன் வீட்டுக்கு வருவதற்குள் சப்பென்று ஆகிவிடும்.

கோடையில் முக்கியம் தடைக்காலக் கணக்கு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61. ஃபைபர் படகும் கட்டுமரமும் போகலாம். அவை கரையோரத்தில் வலைபோடுவதால் சங்கரா, நெத்திலி, காரப்பொடி, கிழங்கான், மத்தி, கானாங்கத்தை, நண்டு என்று சின்ன மீன்தான் புதுசாக வரும். மே மாதத்தில் பளபளவென்று பெரிய வஞ்சிரம் கிடந்தால் அது பெரும்பாலும் வேறு கரையிலிருந்து ஐஸில் வந்த வஞ்சிரம். தவறில்லை, ஆனால் புதுமீன் விலை கொடுக்கவேண்டாம். மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1-ல் தொடங்கி ஜூலை 31 வரை. ஆக, ஜூன் முதல் பதினான்கு நாள் இரண்டு கரையும் மூடியிருக்கும். விருந்துக்கு அந்த இரண்டு வாரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் கோழி வாங்கிக்கொள்வதே மேல்.

"அக்கா, இன்னிக்கு வந்ததா, ஐஸ் மீனா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள். இருந்தாலும் செவுளைத் தூக்கிப் பாருங்கள்: ரத்தச் சிவப்பாக ஈரமாக இருந்தால் எடுக்கலாம், செங்கல் நிறமாகப் பழுப்பேறியிருந்தால் வைத்துவிடுங்கள். கண் குழி விழாமல் புடைத்திருக்கவேண்டும். விரலால் அழுத்திய பள்ளம் உடனே மேலே வரவேண்டும். கானாங்கத்தை, மத்தி, சூரை மூன்றிலும் கூடுதல் கவனம். சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். அது எவ்வளவு கொதித்தாலும் போகாது. சாப்பிட்ட அரைமணியில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலை வலிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வார்கள். பல நேரம் ஐஸ் இல்லாமல் வண்டியில் கிடந்த இரண்டு மணி நேரம்தான் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று வண்டியை வெயிலில் நிறுத்தாதீர்கள்.

பத்துப் பேருக்குக் குழம்புக்குச் சங்கரா 2 கிலோ, வறுக்க நெத்திலி ஒரு கிலோ. சங்கராவை அங்கேயே வெட்டிச் சுத்தம் செய்து தரச் சொல்லலாம். செதிலும் குடலும் தலையும் போனால் முக்கால் பங்குக்குக் கீழேதான் மிஞ்சும், அதனால் தலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், குழம்பின் ருசி அதில்தான். நெத்திலியை வீட்டில் ஆயவேண்டும். கட்டைவிரல் நகத்தால் தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் சேர்ந்து வந்துவிடும். ஒரு கிலோவுக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம்; பேச்சுத்துணை இருந்தால் வேலையாகத் தெரியாது.

குழம்புக்கு மண்சட்டி. நல்லெண்ணெய் 150 மில்லி, வெந்தயம் ஒரு டீஸ்பூன், சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு இரண்டு முழுசு, தக்காளி அரைக்கிலோ, குழம்பு மிளகாய்த்தூள் ஐந்தாறு மேசைக்கரண்டி. புளி 100 கிராம் கரைக்கவேண்டிய இடத்தில், மே மாதம் என்பதால் இரண்டு புளிப்பு மாங்காய் சேர்த்துப் புளியைப் பாதியாக்குங்கள். இரண்டையும் முழு அளவில் போட்டால் பல் கூசும். மீன் இல்லாமலேயே குழம்பு இருபது நிமிடம் கொதித்து, தூள் வாசனை போய், ஓரத்தில் எண்ணெய் பிரியவேண்டும். மாங்காய் முக்கால் வேக்காடு ஆன பிறகுதான் மீன். மீன் போட்டபின் ஏழெட்டு நிமிடம். கரண்டி உள்ளே போகக்கூடாது, துணியால் சட்டியின் இரு பக்கமும் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். அவசரப்பட்டு மீனை முதலில் போட்டு, பிறகு பச்சைவாசனை போகட்டும் என்று கொதிக்கவிட்டால், முள் தனியாகச் சதை தனியாகத்தான் பரிமாறவேண்டும்.

குழம்பு கொதிக்கும் நேரத்தில் கூழைக் கரைத்துவிடலாம். அதற்கான வேலை சனிக்கிழமை காலையிலேயே தொடங்கியிருக்கவேண்டும்: கேழ்வரகு மாவு 750 கிராமை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கரைத்து 7 மணிக்கு மூடிவைத்தால், இந்த வெயிலில் எட்டு மணி நேரத்தில் புளித்துவிடும், குளிர்காலம் மாதிரி ராத்திரி முழுக்க விட்டால் வாயில் வைக்கமுடியாது. 4 மணிக்கு நொய்யரிசி 300 கிராமை மூன்று லிட்டர் தண்ணீரில் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றி, சின்னத் தீயில் இருபது நிமிடம் கை விடாமல் கிண்டவேண்டும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ராத்திரி முழுக்கச் சட்டியில் ஆறிக் கிடந்ததை ஞாயிறு காலை ஒன்றரை லிட்டர் மோரும் உப்பும் சேர்த்துக் கையால் கரைத்து, சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, சொம்பில் ஊற்றிக் கொடுத்தால், பக்கத்தில் வறுத்த நெத்திலி இருந்தால், 9 மணிக்கு மாடியில் பேச்சே இருக்காது. நெத்திலியைக் கைப்பிடி கைப்பிடியாகத்தான் எண்ணெயில் போடவேண்டும். மொத்தமாகப் போட்டால் எண்ணெய் சூடு இறங்கி, மீன் பொரியாமல் எண்ணெய் குடிக்கும். அடுப்பைக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள், மாடிக் காற்றில் தீ நிற்காது.

குழம்புக்கு இட்லியும் இருக்கலாம். மீன்கழிவை மட்டும் அன்றைக்கே குப்பை வண்டியில் சேர்த்துவிடவேண்டும். மாடி மூலையில் மறந்துவைத்த ஒரு பை போதும், வீட்டு உரிமையாளர் அடுத்த சனிக்கிழமைக்குச் சாவி தரமாட்டார்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். தங்கள் வானிலைப் பகுதியில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் இரண்டின் வெப்பநிலை மட்டும் வருகிறது. 2003 மே 31-ல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி தொட்டதை எல்லாரும் சொல்கிறார்கள். அது கடல்காற்றுக் கணக்கைச் சொல்லாது. முந்தின நாள் கடல்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று ஒரு வரி போட்டால், சனிக்கிழமை மாடியா கூடமா என்று முடிவு செய்ய வசதியாக இருக்கும். தங்கம், வெள்ளி விலைக்குக் கீழே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையாவது, காசிமேட்டில் அன்றைக்கு ஃபைபர் படகில் இறங்கிய மீன் என்ன, சில்லறை விலை என்ன என்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
ராயபுரம், சென்னை – 600 013.